இரண்டிரண்டாகப் படியுங்கள், தம்பி

கோலாலம்பூர்ச் செந்தூலில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் எனக்கு இப்படி எழுதியிருந்தார்: "அக்கா, ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வுக்குத் தமிழ் இலக்கியம் எடுத்தேன். அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளாகத் தமிழ் நாவல் எதையும் தொடவில்லை. படிப்பதெல்லாம் ஆங்கிலம்தான். இந்தக் காலத்து நல்ல நாவல்களை வரலாறு, குடும்பம், பேய், துப்பறிதல், அறிவியல் என்று வகைக்கு ஒன்றாகச் சொல்லுங்கள். தமிழோ ஆங்கிலமோ, எதுவானாலும் சரி. பாடநூல் வாசனை மட்டும் வேண்டாம். தைப்பூசத்துக்குப் பினாங்கு மாநிலத்துப் பிறை ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு வருவேன். அதற்குள் இரண்டு மூன்றாவது படித்துவிட ஆசை."

வகைக்கு ஒன்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தம்பி. முடிந்த இடத்திலெல்லாம் இரண்டாகச் சொல்கிறேன். காரணம் இதுதான். நாம் வாழும் இந்த மண்ணைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இன்னொரு பக்கம். ஒரே தெருவை, ஒரே போரை, ஒரே சாவை இரு தரப்பும் எழுதியிருக்கின்றன. ஆனால் ஒரு தரப்பின் புத்தகம் மறு தரப்பின் வாசகர் கைக்குப் போய்ச் சேருவதில்லை. இரண்டையும் எடுத்துப் படிக்கக் கூடியவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் ஆங்கிலம், கடையில் மலாய் என்று வளர்ந்ததற்கு இப்படி ஒரு பலன் இருக்கிறது. அதை வீணாக்க வேண்டாம்.

எனக்கு இது தெரியவந்தது பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்குப் போகும் படகில்தான். தீவில் வேலை பார்த்த காலத்தில் போகும்போதும் வரும்போதும் படகில் படிப்பது வழக்கம். பினாங்கில் பிறந்த தான் துவான் எங் எழுதிய 'தி கிஃப்ட் ஆஃப் ரெயின்' 2007இல் புக்கர் பரிசின் நெடும்பட்டியலுக்குப் போனதும் அதை வாங்கினேன். ஆங்கிலேயத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த பிலிப் ஹட்டன் என்ற இளைஞன், போர் வருவதற்கு முன் எண்டோ என்ற ஜப்பானியரிடம் அய்கிடோ என்ற தற்காப்புக் கலை கற்கிறான். பிறகு அந்த ஆசானின் நாடே இந்தத் தீவைப் பிடித்துக்கொள்கிறது. பிலிப் யாருக்கு விசுவாசமாக இருப்பது என்பதுதான் கதை. 1941 டிசம்பரில் ஜார்ஜ்டவுன் மீது குண்டு விழுந்ததும், ஆங்கிலேயர்கள் தங்கள் இனத்தாரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனதும் நம் பெரியவர்கள் வாயிலிருந்து நாம் கேட்டவை. அவற்றை நாவலில் படித்தபோது, படகின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு எதிரே நெருங்கி வரும் கரையையே பார்த்தேன்.

ஆனால் ஒரு குறை நெஞ்சில் தங்கிவிட்டது. அந்தப் பினாங்கில் என் ஆட்கள் எங்கே? செட்டித் தெருவில் கணக்கெழுதியவர்கள் எங்கே? அப்போதுதான் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நினைவுக்கு வந்தது. 1972இல் வெளிவந்தது. 'இந்தக் காலத்து நாவல்' என்ற உங்கள் கணக்கில் அடங்காது. இருந்தாலும் சொல்லாமல் விடமாட்டேன். சிங்காரம் சுமத்ராவின் மேடான் நகரில் வேலை பார்த்தவர். போர்க்காலத்தை அங்கே கண்ணால் கண்டவர். அவருடைய பாண்டியன், ஜப்பானியப் படை புகுந்த மேடானிலிருந்து தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் ஏறிப் புயலில் அலைக்கழிந்து பினாங்குக்கு வருகிறான். அந்தப் புயலை விவரிக்கும் பக்கங்களில் தமிழ் வாக்கியம் அலையாகவே எழுந்து விழுகிறது. வட்டிக்கடை, மதுக்கடைப் பேச்சு, மதுரைத் தெருக்களின் நினைவு, இந்திய தேசிய ராணுவம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். முதல் ஐம்பது பக்கம் திணறும், பொறுத்துக்கொள்ளுங்கள். மலாய்ச் சொற்கள் ஏராளம் உண்டு. சென்னை வாசகர் தடுமாறும் அந்த இடங்களில் நீங்கள் வீட்டுக்குள் நடப்பது போல் நடப்பீர்கள். அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' சிறியது. பினாங்கின் வட்டிக்கடையில் வேலை பார்க்கும் செல்லையா, முதலாளி மகள் மரகதம் ஆகியோரின் காதல் கதை. பயமாக இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

பிலிப்பும் பாண்டியனும் ஒரே ஜப்பானியர் காலத்தில் பினாங்கில் நடந்தவர்கள். ஒருவன் பங்களாவிலிருந்து இறங்கி வந்தான், மற்றவன் தொங்கானிலிருந்து ஏறி வந்தான். இரண்டையும் படித்த பிறகு ஜார்ஜ்டவுனின் லெபோ பினாங் தெருவில் நடந்து பாருங்கள்.

தான் துவான் எங்கின் மற்ற இரண்டு நாவல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'தி கார்டன் ஆஃப் ஈவினிங் மிஸ்ட்ஸ்' 2012இல் வந்தது; புக்கர் குறும்பட்டியலில் இடம்பெற்றது. ஜப்பானியர் முகாமிலிருந்து உயிரோடு மீண்ட பெண், கேமரன் மலையில் ஒரு ஜப்பானியத் தோட்டக் கலைஞரிடமே தொழில் கற்கப் போகிறாள். அவர் எழுதிய மூன்றில் இதுவே உயர்ந்தது என்பது என் எண்ணம். 2023இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்' 1921ஆம் ஆண்டுப் பினாங்கில் நடக்கிறது. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் விருந்தாளியாக வருகிறார். 1911இல் கோலாலம்பூரில் நடந்த எதெல் பிரவுட்லாக் கொலை வழக்கும், பினாங்கில் தங்கியிருந்த சுன் யாட் சென்னும் கதைக்குள் வருகிறார்கள். நேர்த்தியாகச் செய்த வேலைதான். உவமைகள் மட்டும் சில இடங்களில் அளவுக்கு மீறி நகை போட்டுக்கொண்டு நிற்கின்றன.

அடுத்ததாக நான் சொல்லப்போவது எனக்கு மிக நெருக்கமானது. என் பாட்டியின் அண்ணன் சயாம் ரயில் போடப் போனார், திரும்பவில்லை. எங்கள் குடும்பத்தில் அவருக்குப் படம் இல்லை, திதி நாளும் இல்லை. "போனான்" என்ற ஒரு சொல் மட்டும்தான் உண்டு. நம்மில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒருவர் இருக்கிறார். தாய்லாந்தின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசாயாட் வரை ஜப்பானியர் போட்ட சுமார் 415 கிலோமீட்டர் பாதை. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். நேச நாடுகளின் போர்க் கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் அங்கே மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லறை உண்டு, பெயர் உண்டு, படம் எடுத்தவர்களும் உண்டு. மலாயாவின் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களும், பர்மியரும், மலாய்க்காரரும், ஜாவானியரும் எத்தனை பேர் மாண்டார்கள் என்பதற்கு மதிப்பீடுகள் மட்டும்தான் இருக்கின்றன. 90,000 வரை சொல்கிறார்கள்.

அந்தப் பெயரில்லாதவர்களைத் தமிழ் நாவல்தான் முதலில் பெயர் சொல்லி அழைத்தது. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் வந்தது. பிறகு அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' வந்தது. அண்மையில் கெடாவின் கோ. புண்ணியவான் 'கையறு' எழுதினார். அந்தத் தலைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். அரசனோ வள்ளலோ இறந்தால் அவனைச் சார்ந்தவர்கள் செயலற்றுப் புலம்புவதைப் பழந்தமிழில் கையறுநிலை என்பார்கள். புறநானூற்றில் மன்னர்களுக்குப் பாடிய துறையை ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எடுத்து வைத்திருக்கிறார் புண்ணியவான். அந்த ஒரு காரணத்துக்காகவே நான் அந்த நாவலை முதலில் கையில் எடுத்தேன். மூன்றில் ஒன்றுதான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் 'கையறு' படியுங்கள். உங்கள் வயதுக்கு அதன் நடை இடறாது. சண்முகத்தின் நாவலில் பழைய தொடர்கதை நடை தெரியும். அது குறையாகப் படவில்லை எனக்கு.

இதற்கு ஆங்கில இணை, வனெசா சானின் 'தி ஸ்டார்ம் வீ மேட்', 2024. கோலாலம்பூரில், ஐரோப்பிய ஆசியக் கலப்பில் வந்த ஒரு யுரேசியக் குடும்பம். தாய் சிசிலி, போருக்கு முன்பே ஒரு ஜப்பானிய அதிகாரியின் பேச்சில் மயங்கி, ஆங்கிலேயருக்கு எதிராக உளவு சொன்னவள். ஆசியா ஆசியருக்கே என்ற அந்த வாக்குறுதியை நம்பினாள். 1945இல் அவளுடைய மகன் ஏபல் காணாமல் போகிறான். அவன் போய்ச் சேரும் இடம் அதே ரயில் பாதை முகாம். தான் திறந்துவிட்ட கதவின் வழியாகத் தன் பிள்ளையே போய்விட்டான் என்று ஒரு தாய்க்குத் தெரியும் இடம் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது. தமிழ் நாவல்கள் அந்தப் பாதையில் சென்றவர்களின் கதையைச் சொல்கின்றன. வனெசா சான், ஜப்பானியர் இங்கே வரக் காரணமான ஆசையையும் குற்ற உணர்வையும் சொல்கிறார். இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. எந்த வகுப்பிலும் இவற்றைச் சேர்த்து வைத்துப் பேசிக் கேட்டதில்லை. பேச வேண்டும் என்று எனக்குப் பெரிய ஆசை.

குடும்ப நாவலுக்கு வருகிறேன். ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன் 2008இல் 'ஈவினிங் இஸ் தி ஹோல் டே' எழுதினார். அந்த ஆங்கிலத் தலைப்பைப் பார்த்தால் நமக்குச் சட்டென்று பிடிபடாது. குறுந்தொகையின் 234ஆம் பாட்டு அது. மிளைப்பெருங்கந்தன் பாடியது. சூரியன் இறங்கி வானம் சிவந்து முல்லை பூக்கும் நேரத்தைத்தான் மாலை என்று அறியாதவர்கள் சொல்வார்கள். சேவல் கூவும் விடியலும் மாலைதான், "பகலும் மாலை துணையிலோர்க்கே". ஈப்போவில் ஒரு வசதியான தமிழ் வழக்கறிஞர் வீடு. செல்லம் என்ற வேலைக்காரச் சிறுமியை 1980இல் வீட்டை விட்டு அனுப்புகிறார்கள். ஏன் அனுப்பினார்கள் என்பதை நாவல் பின்னோக்கி நடந்து நடந்து அவிழ்க்கிறது. ஒரு வீட்டில் யாருடைய பேச்சு ஏறும், யாருடைய பேச்சு ஏறாது என்பதை இவ்வளவு உக்கிரமாக எழுதிய நாவலை நான் அதிகம் படித்ததில்லை. ஆங்கிலத்துக்குள் நம் வீட்டுப் பேச்சு அப்படியே ஓடும். சத்தமாக வாசித்தால் அத்தைமார் குரல் கேட்கும்.

இதன் பக்கத்தில் தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' நாவலை வையுங்கள். 2023ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இதன் தலைப்பும் சங்கப்பாட்டிலிருந்துதான்: "யாதும் ஊரே" என்று நாம் விழா மேடைகளில் சொல்லிக்கொண்டே இருக்கும் அதே பாட்டில், ஆற்று நீரின் போக்கில் செல்லும் தெப்பத்தைப் போல நம் உயிரும் முறைப்படி செல்லும் என்று கணியன் பூங்குன்றனார் சொல்லும் இடம். கொங்கு நாட்டில், ஊருக்கு ஊழியம் செய்யும் நாவிதர் குடும்பம். காரு மாமா இறந்துவிட்டார். சொந்தங்கள் கூடுகின்றன. அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் அந்தச் சாவு வீட்டைச் சுற்றி ஒரு தலைமுறையின் வறுமையும் பாசமும் பிரிவும் எழுந்து வருகின்றன. பிரீத்தா பணக்கார வீட்டின் கொடுமையைச் சொல்கிறார். தேவிபாரதி ஏழை வீட்டின் ஈரத்தைச் சொல்கிறார். இருவரும் தலைப்புத் தேடி ஒரே பழைய ஊருணிக்குப் போயிருக்கிறார்கள் என்பதில் எனக்கு இன்றுவரை தீராத மகிழ்ச்சி. பாடநூல் வாசனை வேண்டாம் என்றீர்களே, தம்பி, பாடநூலில் நாம் மனப்பாடம் செய்த வரிகள் இங்கே உயிரோடு நடமாடுகின்றன.

நேரமில்லாத வாரத்தில் 'காச்சர் கோச்சர்' படியுங்கள். விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதியது, கே. நல்லதம்பி தமிழில் தந்திருக்கிறார். நூறு பக்கத்தைச் சற்றே தாண்டும். செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் போய்வரும் இரண்டு நாளில் முடிந்துவிடும். பெங்களூரில் ஒரு குடும்பத்துக்குத் திடீரென்று பணம் வருகிறது, அந்தப் பணம் வீட்டாரை மாற்றுகிறது. கடைசிப் பக்கத்தை முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்புவீர்கள்.

உங்களைப் போலக் கோலாலம்பூரில் இருக்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது என்று ஒரு இணையை நான் வைத்திருக்கிறேன். பென்யாமின் மலையாளத்தில் 2008இல் எழுதிய 'ஆடு ஜீவிதம்'. தமிழில் விலாசினி மொழிபெயர்த்தது. கேரளத்து நஜீப் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போகிறான். விமான நிலையத்திலிருந்து ஒருவன் அழைத்துப்போய்ப் பாலைவனத்தில் ஆட்டுப் பட்டியில் விட்டுவிடுகிறான். குளிக்க நீர் இல்லை, பேச ஆள் இல்லை, ஆடுகள்தான் துணை. படம் பார்த்துவிட்டேன் என்று சொல்லாதீர்கள்; நஜீப்பின் மனத்துக்குள் ஓடுவது புத்தகத்தில்தான் இருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் டாஷ் ஆவின் 'வீ, தி சர்வைவர்ஸ்', 2019. சிலாங்கூர்க் கடற்கரையில் வளர்ந்த ஆ ஹொக் என்ற ஏழைச் சீனர், மீன் பண்ணை ஒன்றில் மேற்பார்வையாளராக உயர்கிறார். வங்காளதேசத் தொழிலாளி ஒருவரைக் கொன்றுவிட்டுச் சிறை சென்று மீண்டவர் அவர். தன் கதையைத் தானே சொல்கிறார். நஜீப்பின் கதை வேலைக்காரன் சொல்வது. ஆ ஹொக்கின் கதை அந்த வேலைக்காரனுக்கு மேலே ஒரே ஒரு படி ஏறியவன் சொல்வது. அந்த ஒரு படியிலிருந்து தவறிக் கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம் ஒரு மனிதனை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்று பாருங்கள். நம் அடுக்குமாடிக் கட்டடங்களைக் கட்டுகிறவர்களையும், உணவுக் கடைகளில் தட்டு கழுவுகிறவர்களையும் நாம் நாளும் கடந்து போகிறோம். நம் தாத்தாக்கள் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். இதை நாம் மறந்துவிடக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

தாத்தாக்கள் என்றதும் வரலாற்று நாவல் நினைவுக்கு வருகிறது. ஜெயமோகனின் 'வெள்ளை யானை' 1878ஆம் ஆண்டுச் சென்னையில் நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமித்த ஐஸ் ஹவுஸில் வேலை செய்த ஒடுக்கப்பட்ட சாதித் தொழிலாளர்கள் எழுந்து நிற்கிறார்கள். நகருக்கு வெளியே தாதுவருடப் பஞ்சம். ஏய்டன் என்ற அயர்லாந்து அதிகாரியின் கண்ணால் அதைக் காண்கிறோம். பஞ்சத்தைச் சொல்லும் பகுதியை இரவில் படிக்காதீர்கள். நம் முன்னோர் பலர் ஏன் கப்பல் ஏறினார்கள் என்பதற்கான பதில் அந்தச் சாலையோரங்களில் கிடக்கிறது. இதை முடித்ததும் கோ. புண்ணியவானின் 'செலாஞ்சார் அம்பாட்' நாவலுக்கு வாருங்கள். 1980களின் தொடக்கத்தில் பகாங்கில் தமிழ்க் குடும்பங்களைக் கொத்தடிமைகளாக அடைத்து வைத்திருந்தது வெளிவந்ததே, அந்த உண்மை நிகழ்ச்சியை வைத்து எழுதியது. பஞ்சத்துக்குத் தப்பி வந்து நூறாண்டுக்குப் பிறகும் நமக்கு என்ன நடந்தது என்பதை அதில் பார்க்கலாம். தோட்ட வாழ்க்கையை உள்ளிருந்து, அழகும் அழுக்குமாகப் பார்க்க வேண்டுமென்றால் சுங்கை பட்டாணியின் சீ. முத்துசாமி எழுதிய 'மண்புழுக்கள்'. 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர் அவர். தோட்டத்துப் பேச்சு மொழியை அவர்போல் எழுத்தில் பிடித்தவர் குறைவு. உங்களுக்கு முதலில் சிரமமாக இருக்கும். அம்மாவிடம் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

பேய்க்கதை கேட்டிருந்தீர்கள். பினாங்கில் பேய்க்கதைக்கா பஞ்சம்! சென் சோவின் 'பிளாக் வாட்டர் சிஸ்டர்', 2021. அமெரிக்காவில் வளர்ந்த ஜெசமின், பெற்றோருடன் பினாங்குக்குத் திரும்புகிறாள். செத்துப்போன பாட்டி அவள் தலைக்குள் பேசத் தொடங்குகிறாள். பாட்டிக்கு ஒரு கோயில் வழக்கு பாக்கியிருக்கிறது. நிலத்தை விழுங்க ஒரு பெரிய மனிதர் காத்திருக்கிறார். பாட்டியின் வசவு ஒவ்வொன்றும் நம் ஊர்ச் சந்தையில் காதில் விழுவது. மரத்தடிச் சாமிக்கு ஆபத்து வந்தால் என்ன ஆகும் என்று சொல்லிப் புரிய வைக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. கெடாவிலும் பேராக்கிலும் எத்தனை முனியாண்டிகள் அப்படி இடம் பெயர்ந்திருக்கிறார்கள்! அமைதியான, மெல்ல மெல்ல மூடுபனி போல ஏறும் அச்சம் வேண்டுமென்றால் யாங்ஸி சூவின் 'தி நைட் டைகர்'. 1931, பத்து காஜாவும் ஈப்போவும். இறந்த எஜமானரின் துண்டிக்கப்பட்ட விரலை 49 நாளுக்குள் தேடிக் கண்டுபிடித்து அவருடன் புதைக்க வேண்டிய பொறுப்பு 11 வயது ரென்னுக்கு. கூடவே புலியாக மாறும் மனிதர்கள் பற்றிய பேச்சு.

சென் சோவுக்குத் தமிழ் இணை என்று நான் நினைப்பது ம. நவீனின் 'பேய்ச்சி'. அதை உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடை செய்துவிட்டது. ஆகவே இங்கே அதை வாங்கச் சொல்ல மாட்டேன். நாட்டார் தெய்வத்தையும் தாய்மையையும் பற்றிய அந்த நாவலைப் பற்றித் திறந்த மனத்தோடு ஒரு விவாதம் நடந்திருக்க வேண்டும் என்பது என் வருத்தம். அவருடைய அடுத்த நாவலான 'சிகண்டி'யைப் படியுங்கள். கோலாலம்பூரின் சௌகிட் பகுதி, திருநங்கையர் வாழ்க்கை, மகாபாரதத்துச் சிகண்டியின் நிழல். தலைநகரின் பின்சந்துகளைத் தமிழில் இப்படி எழுதி நான் பார்த்ததில்லை. வன்முறை உண்டு, மனத்தைத் தயார்செய்துகொண்டு தொடங்குங்கள்.

துப்பறியும் கதையில் எனக்கு ஆர்வம் குறைவு. இரண்டை மட்டும் மனமாரச் சொல்வேன். ஷாமினி ஃபிளின்ட்டின் இன்ஸ்பெக்டர் சிங் வரிசையில் முதல் நாவல் 2009இல் வந்தது, கதை நடப்பது கோலாலம்பூரில். தொந்தியும் டர்பனும் வெள்ளைக் காலணியுமாகச் சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்படும் சிங்கைப் பார்த்ததும் உங்களுக்குப் பிடித்துவிடும். கொலைக்குக் கீழே, மதமாற்றம், குழந்தை யாரிடம் வளர்வது, எந்த நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வது என்ற கனமான கேள்விகள் ஓடுகின்றன. ஜப்பானின் கெய்கோ ஹிகாஷினோ எழுதிய 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' வேறு மாதிரி. கொலை செய்தவர் யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். பக்கத்து வீட்டுக் கணக்கு ஆசிரியர் அதை எப்படி மறைத்தார் என்பதுதான் புதிர். முடிவில் புதிர் தீரும்போது கண் கலங்கும். துப்பறியும் கதையில் எனக்கு அப்படி நடந்தது அந்த ஒரு முறைதான்.

அறிவியல் புனைவுக்கு ஒரு விநோதமான இணை. கசுவோ இஷிகுரோவின் 'கிளாரா அண்ட் தி சன்' 2021இல் வந்தது. சூரிய ஒளியில் இயங்கும் இயந்திரத் தோழி கிளாரா, நோயுற்ற ஜோசி என்ற சிறுமிக்காக வாங்கப்படுகிறாள். கதையைச் சொல்வது கிளாராதான். மனிதர்கள் ஒருவரையொருவர் ஏன் இப்படிப் படுத்துகிறார்கள் என்று புரியாமலே அவர்களை நேசிக்கிறாள். இதை முடித்ததும் பெருமாள்முருகனின் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை'யை எடுங்கள். மானாவாரி நிலத்தில் ஒரு கிழவனுக்கும் கிழவிக்கும் கிடைத்த கறுப்புக் குட்டி. ஆடு பிறந்தாலும் அரசிடம் பதிந்து காதில் துளை போட வேண்டும். வரிசையில் நிற்க வேண்டும். எதிர்த்துப் பேசக் கூடாது. ஒன்று நாளைய உலகத்து இயந்திரம், மற்றொன்று காலமே தெரியாத ஊரில் ஓர் ஆடு. இரண்டும் மனிதரைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கின்றன. அதனால்தான் நாம் மறைக்கப் பார்ப்பதெல்லாம் அவற்றின் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

இளையோர் நாவல் என்ற அடுக்கில் இருப்பதால் பலர் கைவைக்காமல் விடும் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஹன்னா அல்காஃபின் 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை', 2019. 1969 மே 13ஆம் தேதி கோலாலம்பூரில் கலவரம் வெடிக்கும்போது 16 வயது மெலாத்தி திரையரங்கில் இருக்கிறாள். மனத்தில் ஒரு ஜின் புகுந்திருப்பதாக நம்பி, எதையும் மும்மூன்றாக எண்ணிக்கொண்டே வாழும் பெண். அவளைக் காப்பாற்றித் தன் வீட்டில் வைத்துக்கொள்வது ஒரு சீன அம்மாள். அரசாங்கக் கணக்குப்படி 196 பேர் மாண்ட அந்த நாள்களைப் பற்றி நம் வீடுகளில் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். என் தங்கை மகளுக்கு இதைக் கொடுத்தேன். படித்து முடித்த இரவில் அவள் தன் அப்பத்தாவிடம் போய் "அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டாள். அதுவரை யாரும் அவரிடம் கேட்டதே இல்லை. அப்பத்தா விடியும் வரை பேசினார்.

பெரிய நாவல்களை இப்போது தொட வேண்டாம். பூமணியின் 'அஞ்ஞாடி'யும், ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு'ம் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு தமிழ் வாக்கியம் கண்ணில் மெதுவாகத்தான் ஓடும். ஆங்கிலத்தில் ஐம்பது பக்கம் போகும் நேரத்தில் தமிழில் பதினைந்து போகும். இது உங்கள் குறை இல்லை. பழக்கம் விட்டுப்போனதுதான் காரணம். முதல் வாரம் வாய்விட்டுப் படியுங்கள். காது கண்ணை இழுத்துக்கொண்டு போகும். எனக்குத் தெரிந்த மூன்று பேர் இப்படித்தான் திரும்பி வந்தார்கள்.

புத்தகம் கிடைக்குமிடம்: மலேசிய நாவல்களுக்கும் தமிழகத்து நாவல்களுக்கும் ஜெயபக்தி கடையில் முதலில் கேளுங்கள். அலமாரியில் இல்லாவிட்டால் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். கேட்பவர் இருந்தால்தான் அடுத்த முறை சென்னையிலிருந்து தருவிப்பார்கள். உள்ளூர் ஆங்கில நாவல்களுக்குப் பினாங்கில் இருக்கும் கெராக்புடாயா கடை. தமிழகத்து நாவல்களில் பல கிண்டிலிலும் உண்டு.

தைப்பூசத்துக்குள் இரண்டு மூன்று என்றீர்கள். அப்படியானால் 'ஆடு ஜீவித'மும் 'வீ, தி சர்வைவர்ஸ்'உம் முதலில். நஜீப்பைப் படித்துவிட்டு ஆ ஹொக்குக்குப் போங்கள். முறையை மாற்ற வேண்டாம். மூன்றாவதாகக் 'கையறு'வைத் தேடி அலைய வேண்டாம். என் பிரதி இருக்கிறது. ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன், அதைப் பொருட்படுத்தாதீர்கள். பிறையிலிருந்து பட்டர்வொர்த் பக்கம்தானே, ரத ஊர்வலத்துக்கு முந்திய நாள் மாலை வீட்டுக்கு வாருங்கள். உங்கள் அம்மாவையும் அழைத்து வாருங்கள். அவர்கள் வீட்டில் சயாமுக்குப் போனவர் யாரும் உண்டா என்று நான் கேட்க வேண்டும்.